வடக்கு வரிசைத் தண்ணீர்

டோக்கன் முப்பத்தொன்று. இப்போது உள்ளே போயிருப்பது பத்தொன்பது. நடுவில் பதினோரு பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் ஆகிவிடும், ஒரு மணிக்குத் தண்ணீர்ப் பரிசோதனை முகாம் முடிந்தது என்று கதவைச் சாத்திவிடுவார்கள் என வாசலில் நின்ற காக்கிச்சட்டை இரண்டு தடவை சொல்லிவிட்டான். மூன்றாவது தடவை சொன்னால் அவனிடம் ஏதாவது கேட்டுவிடுவோமோ என்று சோலைமலைக்கே பயமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் நிறுத்தி, அது சாயாமல் இரண்டு கைகளாலும் பிடித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தில் செக்கடித் தெரு, வடக்கு வரிசை, குழாய்த் தண்ணீர் என்று அவரே எழுதியிருந்தார். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் படித்தது நாலாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தார். நோட்டீசில் கடினத்தன்மை என்று போட்டிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தபோது சிரிப்பு வந்தது. தண்ணீரில் என்ன கடினம், பல்லில் கடிபடவா போகிறது? பிறகு யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் தோலோடு நிற்கும், குளித்துவிட்டு வந்தால் கைமுடி விறைத்துக்கொள்ளும். கடினம்தான். அந்தக் கடினம் அறுநூறுக்கு மேல் இருந்தால் முதல் பட்டியல், அந்தத் தெருக்களுக்கு வருகிற தை மாதத்துக்குள் ஆற்றுத் தண்ணீர்க் குழாய். அறுநூறுக்குக் கீழே இருந்தால் அடுத்த பட்டியல், அது எப்போது என்று நோட்டீசில் இல்லை. செக்கடித் தெருவுக்கு வடக்கு வரிசைக்கு ஒரு குழாய், தெற்கு வரிசைக்கு ஒரு குழாய், இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து வருகிறது என்றாலும் வரிசைக்கு ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும், இரண்டும் தாண்டினால்தான் தெரு தாண்டியதாகக் கணக்கு. வடக்கு வரிசைக்கு அவர் வந்தார். தெற்கு வரிசைக்கு வந்திருக்கிற ஆள் இரண்டு நாற்காலி பின்னால் உட்கார்ந்திருந்தான். டோக்கன் முப்பத்திரண்டு. சோலைமலை திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்து வருஷமாகப் பார்க்காததை இன்றைக்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

இருபது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, பச்சைச் சேலைக்காரி ஒருத்தி எழுந்து போனாள், அவள் கையிலிருந்த பாட்டிலில் தண்ணீர் மோர் போலக் கலங்கியிருந்தது, அதைப் பார்த்ததும் சோலைமலைக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. தன் பாட்டிலைப் பார்த்தார். வெயில் அதன் வழியாகப் புகுந்து வேட்டியில் ஒரு வெள்ளை வட்டம் போட்டிருந்தது. இவ்வளவு தெளிவாக எப்போது இருந்தது நம் தெருத் தண்ணீர்? குழாயில் பிடித்தால் முதலில் பாலாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் தெளியும், தெளிந்தாலும் அடியில் மாவு மாதிரி நிற்கும். பஸ்ஸில் ஐம்பது நிமிஷம் ஆடிக்கொண்டு வந்த பாட்டிலில் அடியில் ஒன்றுமில்லை. சரி, காலையில் தண்ணீர் தெளிவாக விட்டிருப்பான், ஆறு நாளைக்கு ஒருதரம் விடுகிறவன் ஒருநாள் தெளிவாக விட்டால் என்ன. தண்ணீரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டினார். ஊர் ஊருக்குத் தண்ணீர் எப்படி என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் கட்டிடத்துக்குள் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீர் ஏமாற்றாது. நல்ல தண்ணீர் ஊற்றிய வண்டி வருஷக்கணக்கில் சூடாகாமல் மலை ஏறும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஆறே மாதத்தில் குழாயெல்லாம் அடைத்து, மேட்டில் பாதி ஏறும்போதே புகை கிளம்பிவிடும். மேற்கே மலையடிவாரத்து ஊர்களில் வாய்க்காலில் மோந்து ஊற்றலாம். கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் கேன் நிறைய வீட்டிலிருந்தே கொண்டுபோவார். வீட்டிலிருந்து என்றால் வீட்டுக் கிணற்றிலிருந்து. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்று சொல்லமாட்டார், தண்ணீர் எதற்கு இனிக்க வேண்டும், ஆனால் குடித்தால் தொண்டையில் அப்படி ஒரு குளிர்ச்சி நிற்கும், மற்ற டிரைவர்கள் ஓட்டல் தண்ணீரைத் தள்ளிவிட்டு அவர் கேனுக்குக் கை நீட்டுவார்கள். அந்தக் கிணறுதான். அதைத்தான் இரண்டு நாற்காலி பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் கெடுத்தான்.

கெடுத்தான் என்று நினைத்ததும் நினைப்பு வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டது. ரெண்டாயிரத்துப் பத்து, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எதிர்வீடுதான் அவன் வீடு, அதன் வாசலில் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி வந்து நின்றது. மூன்று நாள் இரைச்சல், அறுநூறு அடி, தெருவெல்லாம் வெள்ளைச் சேறு. மொக்கராசுக்கு அப்போது கையில் காசு நடமாட்டம், மாடி கட்டினான், மாடியில் தொட்டி வைத்தான், தொட்டி நிறைந்து வழிந்து தெருவில் ஓடியது. அடுத்த சித்திரையில் சோலைமலையின் கிணறு கீழே போனது, இருந்த கொஞ்சமும் வாயில் வைக்க முடியாதபடி ஆனது. அதற்கு அவன் மேல் கோபம் வந்ததா என்றால் வந்தது, ஆனாலும் அது பேசித் தீர்க்கிற கோபமாகத்தான் இருந்தது. அவன் மாமா என்று கூப்பிடுகிறவன், இவர் மாப்ள என்று கூப்பிடுகிறவர், சொந்தம் ஒன்றுமில்லை, எதிரெதிர் வீடு, பழகின பழக்கம். மொக்கராசின் கொழுந்தியா மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் இவர் பேச்சோடு பேச்சாக, மாப்ள போர் போட்ட பிறகு என் கிணறு உப்பாப் போச்சப்பா என்றார். அவன் சிரித்தான். "மாமா, உங்க கிணத்துத் தண்ணி என்னைக்கு இனிச்சுச்சு?" அவ்வளவுதான். பத்து இருபது பேரும் சிரித்தார்கள். வெற்றிலை எச்சில் தெறிக்க ஒருவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கிணற்றைக் கெடுத்ததோடு அது எப்போதுமே நல்ல கிணறு இல்லை என்றும் ஆக்கிவிட்டான். டிரைவர்கள் கை நீட்டிக் கேட்ட கேன் பொய்யா? அன்றைக்கு எழுந்து வந்தவர்தான். தெருவில் அவன் வடக்கே வந்தால் இவர் தெற்கே போவார். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு மனைவி பூமயில் மட்டும் போய்வருவாள், வந்து ஒன்றும் சொல்லமாட்டாள், இவரும் கேட்கமாட்டார், ஆனால் அவள் சேலையில் சந்தன வாடை இருந்தால் நல்லது, ஊதுபத்தி வாடை இருந்தால் கெட்டது என்று தெரிந்துகொள்வார்.

இருபத்திரண்டு. மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றியது. பூமயில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? இடது பக்க இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பாள். நேற்று ராத்திரி சோற்றைப் பிசையும்போதே அந்தக் கை இடுப்புக்குப் போனதைப் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்தார். சிறுநீரகத்தில் கல். இரண்டு தடவை எடுத்தாயிற்று. இரண்டாவது தடவை எடுத்த டாக்டர் சின்ன வயசுக்காரர், கல்லை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார், சோளப்பொரி உடைந்தது மாதிரி இருந்தது. "தண்ணியை மாத்துங்கய்யா, இல்லாட்டி மூணாவது தடவையும் நாமதான் சந்திக்கணும்" என்றார். கேன் தண்ணீர் வாங்கிப் போட்டுப் பார்த்தார். அவளுக்கு அது ஆகவில்லை. "இது குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது, காத்தைக் குடிச்ச மாதிரி இருக்கு" என்று ஒரு நாளைக்கு இரண்டு தம்ளரோடு நிறுத்திவிட்டாள், குடிக்காமல் இருந்தால் கல் இன்னும் சீக்கிரம் வரும். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள், குழாய்த் தண்ணீரைச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, மேலாக மோந்து குடிப்பாள். கொதிக்க வைத்த சருவத்தின் அடியில் வெள்ளையாகக் காரை பிடித்திருக்கும், வாரத்துக்கு ஒருதரம் புளி போட்டுத் தேய்ப்பாள். சருவத்தில் இவ்வளவு ஒட்டுகிறது என்றால் குடித்த தண்ணீரில் இன்னும் எவ்வளவு இருக்குமோ என்று சோலைமலை நினைப்பார். இல்லை, சருவத்தில் ஒட்டியது போக மீதிதானே குடிக்கிறாள், அப்படியென்றால் குடிக்கிற தண்ணீரில் குறைந்திருக்கும், அந்த அளவுக்கு நல்லது. குறைந்திருக்கும். மேலாக மோந்தால் தெளிவாக இருக்கும்.

கை தானாகப் பாட்டிலின் மூடியைத் திருகியது. குனிந்து மோந்து பார்த்தார். சீரகம்.

மூடியை மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார், பக்கத்தில் யாராவது வெற்றிலை பாக்கு மென்று அந்த வாடை வந்திருக்குமோ என்று. இல்லை, சீரகம்தான், பூமயிலின் அடுப்படி அப்படியே பாட்டிலுக்குள் இருந்தது. காலையில் அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். பாட்டிலை நிரப்பிக் கொடு என்று சொன்னார். எதை என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. போனை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஏ பூமயிலு, பாட்டில்ல எந்தத் தண்ணியை ஊத்துன?"

"எந்தத் தண்ணின்னா? நம்ம வீட்டுத் தண்ணிதான்."

"அது தெரியுது. எதுல மோந்த?"

"சருவத்துல ஆறவச்சது இருந்துச்சுல்ல, அதுலதான். ஏங்க, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதான் இப்ப வம்பு."

"நாலு ஆபீசருக பாக்குற தண்ணி. குழாயில வர்றதை அப்படியே கலங்கலாக் குடுத்துவிட்டா நம்ம வீட்டைப் பத்தி என்ன நெனப்பாக? ஒருத்தர் வாயில வச்சுப் பாத்துட்டா?"

"வாயில வைக்க மாட்டாகத்தா. மருந்து விட்டுப் பாப்பாக."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க வெளிய எடுத்துட்டுப் போற தண்ணியை என்னைக்கு நான் பச்சையாக் குடுத்திருக்கேன்? முப்பது வருசம் வண்டிக்குக் குடுத்துவிட்டேன். ஒருநாளாச்சும் வயித்தால போச்சுன்னு வந்து நின்னுருக்கீகளா?"

உண்மைதான். வண்டிக்குக் கிணற்றுத் தண்ணீர், ஆளுக்குக் காய்ச்சின தண்ணீர், இரண்டு கேன், இரண்டுக்கும் வேறு வேறு கலரில் மூடி, மற்ற டிரைவர்கள் கை நீட்டியதும் காய்ச்சின கேனுக்குத்தான். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "நீங்க வராமலா?" என்றாள். "சாப்பிடு. தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மணி பன்னிரண்டு ஐந்து. போகப் பஸ் ஐம்பது நிமிஷம், வர ஐம்பது நிமிஷம். புதுக் கட்டிடத்தை ஊருக்கு வெளியே பொட்டலில் கொண்டுவந்து கட்டியவன் யாரோ, அவன் வீட்டில் தண்ணீருக்குக் குறையிருக்காது. யாரையாவது கொண்டுவரச் சொல்லலாம் என்றால் வடக்கு வரிசையில் பகலில் இருப்பது எல்லாம் கிழடுகள், வண்டி ஓட்டத் தெரிந்தது அவர் ஒருவர்தான், அவருக்கும் கண்ணில் புரை. தெற்கு வரிசையில் என்றால், எந்த அவசரத்துக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆள் ஒருவன் உண்டு, அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். இருபத்தைந்து. இதை அப்படியே கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? காய்ச்சின தண்ணீரில் மருந்து விட்டால் நானூறோ ஐநூறோ காட்டும். செக்கடித் தெரு வடக்கு வரிசை, நல்ல தண்ணீர் என்று எழுதிவிடுவார்கள். பூமயில் குடித்துப் பிழைப்பதற்காகக் காய்ச்சிய தண்ணீரே அவளுக்கு ஆற்றுத் தண்ணீர் வராமல் செய்துவிடும். அது ஒரு பக்கம். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் என்ன நினைப்பான்? உப்பு உப்பு என்று பதினைந்து வருஷமாக முகத்தைத் திருப்பினீரே, எங்கே உப்பு? எழுந்தார். கட்டிடத்தின் பின்பக்கம் கை கழுவுகிற குழாய்கள் வரிசையாக இருந்ததை வரும்போதே பார்த்திருந்தார். குழாய் வாயில் சுண்ணாம்பு தடவினதுபோல் வெள்ளை. திறந்து உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தார். உப்புதான், நல்ல உப்பு, எண்ணூறு ஆயிரம் தேறும். ஆனால் வேறு உப்பு, வைத்தவுடனே கரிக்கிறது. செக்கடித் தெருத் தண்ணீர் அப்படி இல்லை, வாயில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது, விழுங்கின பிறகுதான் நாக்கின் ஓரத்தில் கசப்பு மெதுவாக வந்து உட்காரும். மருந்துக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. பாட்டிலைச் சாய்த்து, காய்ச்சின தண்ணீரைக் கொட்ட மனசில்லாமல் நிமிர்த்தினார். முப்பத்தொன்றாம் டோக்கன்காரர் ஒரு பொய்யைக் கொண்டுபோய் உள்ளே வைக்க, முப்பத்திரண்டாம் டோக்கன்காரன் பின்னாலேயே வந்து நிற்பான். அவனுக்குத் தெரியாவிட்டாலும் அவன் முன்னால். பதினைந்து வருஷத்தில் அந்த ஆளிடம் அவருக்கு இருந்த ஒரே சொத்து, தான் பொய் சொல்லாதவன் என்பதுதான். குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பொய் சொல்லாதவன் என்று நினைத்தபோது அது எங்கோ தட்டியது. சோலைமலைக்கு அந்த இடம் தெரியும், தெரிந்துதான் அந்தப் பக்கம் போகாமல் இருப்பார், தெருவில் அந்த வீட்டு வாசலைப் பார்க்காமல் போவதுபோல. ரேடியேட்டர். மலைப்பாதையில் ஏழாவது வளைவில் வண்டி கொதித்து நின்றது. பின்னால் இருபது வண்டி ஆரன் அடிக்கிறது. மறுநாள் பட்டறையில் சலீம் பாய் ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். ஓடு ஓடாக வெள்ளை உதிர்ந்தது. "டிரைவரே, எங்க தண்ணி ஊத்துறீங்க?" என்றார். எங்க வீட்டுக் கிணறு பாய் என்று இவர் பெருமையாகத்தான் சொன்னார். "அப்ப ஊருக்குப் போயி மொதல்ல கிணத்தைப் பாருங்க." கோபம் வந்துவிட்டது. கிளீனர்தான் வழியில் எங்கேயோ கண்ட தண்ணீரை ஊற்றியிருப்பான் என்று அவனைப் பட்டறை வாசலில் வைத்துத் திட்டினார், அவன் இல்லை இல்லை என்று சொன்னான். அது எந்த வருஷம்? போர் போட்ட பிறகு என்றுதான் அவர் வைத்திருந்தார். போர் போட்டது பத்து ஆடியில், கிணறு கெட்டது அடுத்த சித்திரையில், வண்டி நின்றது அதற்குப் பிறகு. வரிசை சரியாக இருக்கிறது. ஆனால் சலீம் பாய்க்கு அன்றைக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார், எண்ணெய்க் கையோடு வாங்க மாட்டேன் என்று அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார், பெரியவள் கல்யாணப் பத்திரிகை. பெரியவளுக்குக் கல்யாணம் ரெண்டாயிரத்து ஒன்பது, ஆவணி. பத்திரிகையை வேறு எப்போதாவது கொடுத்திருக்கலாம். வேறு எப்போது? பட்டறைக்கு வேறு எப்போது போனார்? அந்த எண்ணெய்க் கை கண்ணுக்கு முன்னாலேயே நின்றது, துடைத்த துணி நீலச் சட்டைத் துணி. ஒன்பது ஆவணிக்கு முன்னாலேயே ரேடியேட்டரில் வெள்ளை இருந்திருக்கிறது. அப்படியென்றால் போர் வண்டி வருவதற்கு ஒரு வருஷம் முன்பே கிணறு. இல்லை, கிளீனர் ஊற்றியிருப்பான். கிளீனர் இல்லை இல்லை என்று சொன்னான், அவன் கண் கலங்கியிருந்தது. இருபத்தெட்டு என்றார்கள். இருபத்தெட்டாம் ஆள் வரவில்லை, இருபத்தொன்பது என்றார்கள். நேரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போனது.

கேட்க வேண்டும் என்று முடிவு செய்யவில்லை, கேட்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். என்னவென்று கூப்பிடுவது? மாப்ள என்று கூப்பிட்டால் பதினைந்து வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தது மாதிரி. மொக்கராசு என்று பேரைச் சொன்னால் சண்டைக்குப் போனது மாதிரி. இந்தாருங்க என்றால் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரனைக் கூப்பிட்டது மாதிரி, அது பரவாயில்லை. அவனிடம் இருப்பது இரண்டு லிட்டர் கலர் பாட்டில் என்று வரும்போதே ஓரக்கண்ணால் பார்த்திருந்தார். எதையும் கூடுதலாகக் கொண்டுவருகிறவன். பாதியைக் கொடுத்தாலும் அவனுக்குப் போதும். அவன் சிரிப்பான். சீரகத் தண்ணியா மாமா என்று இந்த வரிசை முழுக்கக் கேட்கும்படி சிரிப்பான், சிரிக்கட்டும், சிரித்தால் இன்னொரு பதினைந்து வருஷத்துக்கு ஆகும். பூமயில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிறாள். எழுந்து இரண்டு நாற்காலி பின்னால் போனார்.

"இந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க மாமா" என்றான் மொக்கராசு. நேற்றும் பேசினவன் மாதிரி சொன்னான். தலை நரைத்து, முன்பல் இரண்டு போயிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்து நாளாகிவிட்டது.

"வீட்டுல காய்ச்சினதை ஊத்திவிட்டுட்டா. இதைக் குடுத்தா தெருவுக்கே கெட்டுப்போகும்."

மொக்கராசு பாட்டிலை வாங்கினான். மூடியைத் திறந்து மோந்தான். சோலைமலை காத்திருந்தார்.

"அத்தை சீரகத் தண்ணி" என்றான். "கீழ ஊத்திறாதீக." அண்ணாந்து, உதட்டில் படாமல், கடகடவென்று பாதிக்கு மேல் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதைச் சோலைமலை பார்த்துக்கொண்டிருந்தார். மீதியைப் பக்கத்து நாற்காலிக்காரிக்கு நீட்டினான், "குடிங்கக்கா, வெயிலுக்கு நல்லது." அவள் வாங்கிக் குடித்தாள். பிறகு தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, குலுக்கி, சன்னலுக்கு வெளியே கொட்டினான், மறுபடியும் ஒரு தடவை அப்படிச் செய்தான், சீரக வாடை போகிற மாதிரி. மூன்றாவது தடவை கழுத்துவரை நிரப்பி மூடியை இறுக்கிக் கொடுத்தான். "அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு? மறுபடி வலி வந்துருச்சுன்னு எங்க வீட்டுக்காரி சொன்னா."

"இருக்கு" என்றார் சோலைமலை.

சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு குத்தல் வார்த்தை சொல்லியிருந்தால் தண்ணீரை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். இப்போது எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. தன் பழைய நாற்காலிக்குப் போகலாம், அது காலியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டே இருந்தார். முப்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்கு அவருடைய சின்னவள் வயசு இருக்கும். கையில் உறை, நெற்றியில் வியர்வை. "வடக்கு வரிசையா? நேராக் குழாய்ல பிடிச்சதுதானே?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். "இல்லம்மா. இது தெற்கு வரிசைத் தண்ணி. எங்க தண்ணியை வீட்டுல காய்ச்சிட்டாக, ஆபீசருக குடிச்சுக் கிடிச்சுப் பாப்பீகன்னு." அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், சிரிப்பில் கேலி இல்லை. "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியவே போறதில்லய்யா." யோசித்தாள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். ஒரே தொட்டித் தண்ணீர் என்பதால் தெருவுக்கு ஒரே பாட்டிலாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு வரிசைக்காரர்களும் ஒன்றாக நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். மொக்கராசு வந்து பக்கத்தில் நின்றான். அவள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை அளந்து ஊற்றி, எதையோ போட்டுக் குலுக்கினாள், தண்ணீர் திராட்சைப்பழச் சாறு நிறத்துக்கு வந்தது. "இப்ப இந்த மருந்தைச் சொட்டுச் சொட்டா விடுவேன். நீலமா மாறுற வரைக்கும். ஒரு சொட்டுக்கு இருபத்தஞ்சு." அறுநூறுக்கு இருபத்துநாலு சொட்டு என்று மொக்கராசு வாய்க்குள் சொன்னான். அவள் ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். பத்தில் சிவப்பு. பதினைந்தில் சிவப்பு. இருபதுக்கு மேல் மொக்கராசும் சேர்ந்து எண்ணினான், இருபத்தொன்று, இருபத்திரண்டு, பிறகு ஒரு குரல் கூடியிருந்தது, சோலைமலைக்கு அது தன் குரல் என்று தெரிய இரண்டு சொட்டு ஆனது. இருபத்துநாலு. சிவப்பு. இருபத்தைந்து என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அப்புறமும் விட்டுக்கொண்டே போனாள், முப்பது, முப்பத்தைந்து, முப்பத்தேழாவது சொட்டில் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி மயில் கழுத்து நீலமாக நின்றது. தொள்ளாயிரத்து இருபத்தைந்து. "தாண்டிருச்சு மாமா" என்று மொக்கராசு அவர் முழங்கையைப் பிடித்தான். தாங்கள் இத்தனை வருஷம் குடித்த தண்ணீர் இவ்வளவு மோசம் என்று தெரிந்து இரண்டு கிழவர்கள் சந்தோஷப்படுவதை அந்தப் பிள்ளை அதிசயமாகப் பார்த்தாள். தை மாதம் என்று சோலைமலை நினைத்தார். ஆற்றுத் தண்ணீர். பூமயில் பச்சையாக ஒரு செம்பு குடிக்கலாம்.

"ஒரே ஒரு கட்டம் பாக்கி" என்றாள். "உங்க தெருவுல நிலத்தண்ணி எந்த வருசத்துல இருந்து உப்பாச்சு? எல்லாத் தெருவுக்கும் கேக்குறோம். உப்பு எந்தப் பக்கம் இருந்து பரவுதுன்னு பாக்க."

மொக்கராசு முழங்கையிலிருந்து கையை எடுத்தான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "ரெண்டாயிரத்துப் பத்துன்னு போட்டுக்கம்மா" என்றான். "அந்த ஆடியிலதான் நான் போர் போட்டேன்."

அவள் எழுதினாள். சோலைமலை அந்த எழுத்தைப் பார்த்தார். பதினைந்து வருஷமாக அவர் கேட்க நினைத்தது அதுதான், பத்து இருபது பேர் முன்னால் இல்லை என்றாலும் அரசாங்கக் காகிதத்தில், அவன் வாயாலேயே. நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அவள் காகிதத்தைத் திருப்பி மடிக்கப் போனாள்.

"ஒன்பது" என்றார்.

"என்னய்யா?"

"ரெண்டாயிரத்து ஒன்பது. ஆவணிக்கு முன்னாடியே. இவரு போர் போடுறதுக்கு முன்னாடி."

மொக்கராசு காலண்டரிலிருந்து திரும்பவில்லை.

"நல்லா நினைவிருக்காய்யா? ஒன்பதா, பத்தா?"

"என் கிணறும்மா" என்றார். "எனக்குத் தெரியும்."

அவள் பத்தை அடித்தாள், மேலே ஒன்பது என்று எழுதினாள். அடித்துத் திருத்திய இடத்தில் சொன்னவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை நீட்டினாள். சோலைமலை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். காற்றில் காகிதம் தூக்கியது. மொக்கராசு ஒரு விரலை வைத்து அதன் ஓரத்தை அழுத்திக்கொண்டான், அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை எடுக்கவில்லை.